தோ மல்சூன் திறந்து பார்த்த கோப்பு

மல்சூன் அக்காவுக்குப் பெயர் வைத்தவர் அவருடைய அப்பா. ஆறாவதும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில், இதோடு நிற்கட்டும் என்று வைத்தார். நம் பக்கத்துப் போதும்பொண்ணு மாதிரி. மறு வருஷமே ஒரு பையன் பிறந்துவிட்டான். பெயர் பலித்துவிட்டது என்று வீடே பூரித்ததாம்.

"பலிச்சது எம் பேரு. சோறு பொங்கி ஊருக்கே போட்டது அவனுக்காக," என்று ஒருநாள் மதியம் சொன்னார். அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. குரலில் அந்தச் சூடு அப்படியே இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

சோல்போ, கொரியாவில் கப்பல் கட்டும் ஊர். கடற்கரை நெடுக மூன்று மைல் பட்டறை. முப்பது வயதில் மல்சூன் அக்கா காதுப் பரிசோதனைப் பேருந்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பேருந்து பட்டறை வாசலில் ஒரு மாதம் நிற்கும். உள்ளே கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. தொழிலாளி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சத்தம் கேட்டால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். எந்த அளவில் கேட்டதோ அந்த எண்ணை அக்கா குறித்துக்கொள்வார். எண் ஏற ஏறக் காது மோசம் என்று பொருள். கருவியின் சத்தம் நூறு டெசிபலோடு நின்றுவிடும். அதற்கும் கை அசையாதவர்களுக்கு எண் போட முடியாது. அந்த இடத்தில் 'பதில் இல்லை' என்று எழுத வேண்டும். அதுதான் விதி.

பதினேழு வருஷம் அந்தப் பேருந்தில் இருந்தார். பிறகு பேருந்தைப் பூசான் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். நாற்பத்தெட்டு வயதில் அக்கா வேலைவாய்ப்பு மையத்தின் இலவச வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஆர் என்று ஒற்றை எழுத்தில் பெயர் கொண்ட புள்ளியியல் மொழியை அங்கேதான் கற்றார். வகுப்பில் இருந்த மற்ற பதினாறு பேரும் இருபதுகளில் இருந்தவர்கள். இரண்டாவது வாரமே ஒருவன் அவரிடம், "சமையல் வகுப்பு கீழ் மாடியிலம்மா," என்றானாம். முடிவுத் தேர்வில் அவர் இரண்டாவது. அவன் பெயரைக்கூட அவர் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வாக்கியத்தை மட்டும் வைத்திருந்தார்.

அப்படித்தான் எங்கள் நிலையத்துக்கு ஒப்பந்த ஊழியராக வந்தார். தொழிலாளர் உடல்நலத்தை ஆராய்கிற நிலையம் அது; நான் அங்கே பதினெட்டு வருஷமாகப் புள்ளியியல் பிரிவில் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவரையொருவர் பதவி சொல்லித்தான் அழைப்போம். டீம் லீடர், ஆய்வாளர், துணை ஆய்வாளர். மல்சூன் அக்காவை மட்டும் 'அம்மா' என்றார்கள். மாடிப்படி துடைக்கிறவரையும் அப்படித்தான் அழைப்பார்கள். மரியாதைச் சொல்தானே என்று ஒருமுறை நான் சமாதானம் சொன்னேன். "அப்ப டைரக்டரையும் அப்பான்னு கூப்பிடுங்க தம்பி," என்றார்.

வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கோப்பு வந்தாலும், யார் கொடுத்தாலும், முதல் அரை மணி நேரம் அதில் எதையும் செய்யமாட்டார். பார்ப்பார். குறுக்கே எத்தனை வரி, நெடுக எத்தனை பத்தி என்று இயந்திரத்தைக் கேட்பார். ஒவ்வொரு பத்தியும் எண்ணா, எழுத்தா, தேதியா என்று காட்டும் கட்டளையைக் கொடுப்பார். முதல் ஆறு வரியைப் பார்ப்பார். பிறகு கடைசி ஆறு.

"மேல எல்லாரும் ஒழுங்காத்தான் இருப்பாங்க. கீழதான் 'மொத்தம்'னு ஒரு வரி ஒட்டிக்கிட்டு இருக்கும். அதையும் ஒரு ஆளுன்னு எண்ணிருவீங்க," என்பார். ஒரு தடவை அப்படியொரு கோப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஒரு மனிதரைக் கண்டுபிடித்தார். ஐந்து பேருடைய எடையின் கூட்டுத்தொகை அது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கோப்பை அவரிடம் காட்டாமலே முடித்தார்கள்.

போன வருஷம் செப்டம்பரில் பட்டறைக் காது அறிக்கை தயாரானது. பத்து வருஷத்துப் பரிசோதனைகள், ஒவ்வொரு தொழிலாளிக்கும் கடைசியாகச் செய்தது. எங்கள் டீம் லீடர் பாங் எழுதியது. முப்பத்தாறு வயது, சியோலில் படித்தவர், கெட்ட மனிதர் இல்லை. வேகமானவர். அறிக்கையின் முடிவு இதுதான்: பட்டறைத் தொழிலாளர்களின் காதுக்கும் அதே வயதுள்ள மற்ற ஊர்க்காரர்களின் காதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே பரிசோதனைப் பேருந்து இனி வருஷா வருஷம் வரத் தேவையில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போதும். வியாழக்கிழமை நகராட்சி மண்டபத்தில் அதை வாசிப்பதாக ஏற்பாடு.

திங்கள் காலையில் பாங் அக்காவிடம் கோப்பைக் கொடுத்தார். "அம்மா, கணக்கெல்லாம் முடிஞ்சுது. கூட்டத்துல காட்டுறதுக்குப் படம் மட்டும் அழகாப் போட்டுக் குடுங்க. நீலக் கலர்ல."

பத்து மணி இருக்கும். பக்கத்து மேசையில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன். அக்கா பார்லித் தண்ணீர்க் குவளையைக் கையில் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க வாங்க. காது அளவு எண்ணா எழுத்தா?"

"எண்தான்."

"பாருங்க."

பார்த்தேன். நான்காயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். வலது காதின் தாழ்ந்த ஒலிகளுக்கான பத்திகள் எண் என்று இருந்தன. உயர்ந்த ஒலிகளுக்கானவை, பட்டறைச் சத்தம் முதலில் தின்கிறவை, எல்லாமே எழுத்து. எண் மட்டுமே இருக்க வேண்டிய பத்தியை இயந்திரம் எழுத்து என்று சொன்னால், எங்கேயோ ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அக்கா அந்தப் பத்தியில் என்னென்ன இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை முறை என்று கேட்டார். இருபது, இருபத்தைந்து, முப்பது என்று தொண்ணூற்றைந்து வரை எண்கள் வரிசையாக வந்தன. கடைசியில் 'பதில் இல்லை'. அதன் கீழே 388.

பிறகு பாங் எழுதிய நிரலைத் திறந்தார். ஒரே ஒரு வரி, அந்தப் பத்திகளை எண்ணாக மாற்றச் சொன்னது. சொல்லை எண்ணாக்க முடியாது. இயந்திரம் அந்த இடங்களைக் காலியாக்கிவிட்டு, காலியாக்கினேன் என்று ஓர் எச்சரிக்கையும் கொடுத்திருந்தது. அடுத்த வரி, காலியானவற்றை விட்டுவிட்டுச் சராசரி எடு என்றது.

அவ்வளவுதான். முழுச் செவிடானவர்கள் கணக்கிலிருந்து போய்விட்டார்கள். காது ஓரளவு இருந்தவர்களை மட்டும் கூட்டி வகுத்து, பட்டறையில் எல்லாருக்கும் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று அச்சடித்திருந்தோம்.

'இருந்தோம்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் நிலையத்தில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அறிக்கையில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை, விடுமுறைக்குப் போகிற அவசரம். நான் நிரலைத் திறக்கவே இல்லை.

அக்கா அதைக் கேட்கவில்லை. இரும்பைத் தேய்த்துச் சமப்படுத்தும் கிரைண்டிங் பட்டறைக்காரர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் இருநூற்று மூன்று பேர் 'பதில் இல்லை'. அறிக்கையில் கிரைண்டிங்காரர்களின் சராசரி முப்பத்தெட்டு. அந்த இருநூற்று மூன்று பேருக்கும் கருவியின் எல்லையான நூறை மட்டும் போட்டால்கூட ஐம்பத்தெட்டைத் தாண்டியது. அந்த எண்ணைப் பார்த்ததும் குவளையை மேசையில் வைத்தார்; தண்ணீர் தளும்பி விசைப்பலகையில் சிந்தியது. துடைக்கவில்லை.

"இதுல ஏழாம் நம்பர்னு போட்டிருக்கே, பரிசோதிச்சவங்க எண்... அது நான்," என்றார்.

ஒரு வரியைக் கைகாட்டினார். பிறந்த வருஷம் 1958. கிரைண்டிங். பெயர் எதுவும் அந்தக் கோப்பில் கிடையாது. அவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. க்யே பொங்சூ என்கிற தொழிலாளி. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் வந்தாராம். தாழ்ந்த ஒலிகளுக்கு எப்படியோ பொத்தானை அமுக்கிவிட்டார். உயர்ந்த நான்கு ஒலிகளை அக்கா ஒவ்வொன்றாக நூறு வரை ஏற்றினார். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொத்தானைப் பிடித்தபடி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்து அக்கா கதவைத் திறந்தபோது, "மிச்சத்த எப்பத் தங்கச்சி போடுவீங்க?" என்று கேட்டாராம்.

"அவர்கிட்ட எழுதிக் காட்டினேன், முடிஞ்சிருச்சுன்னு. அவரு அதப் படிச்சிட்டு ரொம்ப நேரம் எந்திரிக்கல. 'பதில் இல்ல'ன்னு நான் அட்டையில எழுதினேன் தம்பி. இவங்க அத 'இல்லவே இல்ல'ன்னு ஆக்கிட்டாங்க."

பாங்கின் அறைக்கு இருவரும் போனோம். அக்கா முன்னால், நான் இரண்டடி பின்னால்.

"டீம் லீடர் சார், முன்னூத்து எண்பத்தெட்டுப் பேரு விட்டுப்போயிருக்கு."

பாங் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது விடுபட்ட மதிப்பும்மா. பரிசோதனையை முடிக்காதவங்க. உலகம் பூரா இப்படித்தான் செய்வாங்க."

"முடிச்சாங்க சார். காது கேக்கலங்கிறதுதான் முடிவு."

"எண் இல்லாததை வச்சு நான் எப்படிச் சராசரி எடுக்கிறது?"

"எடுக்க முடியலன்னு எழுதுங்க. முன்னூத்து எண்பத்தெட்டுப் பேருக்குக் கருவியோட சத்தமே எட்டலன்னு எழுதுங்க. முதல் பக்கத்துல நாலாயிரத்து இருநூத்துப் பன்னெண்டு பேரைச் சோதிச்சோம்னு பெருமையாப் போட்டிருக்கீங்க. எண்ணிக்கைக்கு அவங்க வேணும், கணக்குக்கு வேண்டாமா?"

பாங் திரும்பினார். காது மடல் சிவந்திருந்தது. தவறு புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. புரிந்த பிறகும் அவர் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. "அச்சுக்குப் போயாச்சு. வியாழக்கிழமை கூட்டம் முடியட்டும், அப்புறம் திருத்தப் பதிப்புப் போட்டுக்கலாம். உங்களுக்குக் குடுத்த வேலை படம் போடுறது. அதப் பாருங்கம்மா."

"பேருந்தை நிறுத்தின அப்புறமா சார் திருத்தப் பதிப்பு?"

பாங் மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று மாலையே அக்கா இரண்டு பக்கத்தில் குறிப்பு எழுதி, திரையில் கண்டதை அச்செடுத்து இணைத்து, டைரக்டர் மேசையில் வைத்தார். செவ்வாய் மதியம் அது திரும்பி வந்தது. மேலே பென்சிலில் ஒரு வார்த்தை: 'பிறகு'.

படத்தை அவர் போடவில்லை. பாங்கே போட்டுக்கொண்டார். நீலக் கலரில்.

வியாழக்கிழமை மண்டபத்தில் நூற்று ஐம்பது பேர் இருப்பார்கள். முன்வரிசையில் பட்டறை நிர்வாகிகள். நடுவில் தொழிற்சங்கக்காரர்கள். கடைசியில் ஓய்வு பெற்றவர்கள். அந்தப் பின்வரிசைகளில் யாரும் யாரிடமும் கிசுகிசுக்கவில்லை. பேச வேண்டுமென்றால் தோளைத் தட்டி, செல்போனில் எழுதிக் காட்டினார்கள். எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது. காது நன்றாக இருக்கிறது என்ற அறிக்கையை, கேட்க முடியாதவர்களைக் கூட்டி வைத்து வாசித்துக்கொண்டிருந்தோம்.

மடிக்கணினியில் படங்களை மாற்றிக்கொடுக்கும் வேலையை அக்காவுக்குக் கொடுத்திருந்தார்கள். வேறு ஆள் இல்லை. பாங் நாற்பது நிமிஷம் பேசினார். முடித்ததும் சங்கத்துக்காரர் ஒருவர் எழுந்தார். "இந்தச் சராசரியை எத்தனை பேரை வச்சு எடுத்தீங்க?"

"நாலாயிரத்து இருநூத்துப் பன்னெண்டு பேரு," என்றார் பாங்.

"இல்ல," என்றார் அக்கா.

ஒலிபெருக்கி அவரிடம் கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "மூவாயிரத்து எண்ணூத்து இருபத்து நாலு பேரு."

பாங் பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, அடுத்த படத்தப் போடுங்க," என்றார். அக்கா படத்தை மூடினார். வெள்ளைத் திரையில் கோப்பு வந்தது. ஒரு கட்டளை தட்டினார். வரிகளின் எண்ணிக்கை வந்தது. இன்னொன்று தட்டினார், எண்கள் அடுக்கடுக்காக இறங்கி, கடைசியில் அந்தச் சொல்லும் அதன் கீழே 388-ம் நின்றன. எழுத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கடைசி வரிசை வரை தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தன் குரலைத் தானே கேட்க முடியாதவர்கள் பேசுகிற உரத்த குரல்.

"அந்த முன்னூத்து எண்பத்தெட்டுல நான் இருக்கனா?"

க்யே பொங்சூ எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான ஆள், சங்கத்தின் பழைய சட்டை போட்டிருந்தார். அக்கா திரும்பி, அவர் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். உடனே பக்கத்திலிருந்த இன்னொருவர் எழுந்து தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். அக்கா கையை விரித்தார், தெரியவில்லை என்று. அதற்குள் நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். பட்டறை நிர்வாகிகள் குனிந்து தங்கள் அறிக்கைப் பிரதியைப் புரட்டினார்கள். டைரக்டர் எழுந்து, தொழில்நுட்பக் கோளாறு, கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்றார்.

கோளாறாம். அன்று அந்த மண்டபத்தில் ஒழுங்காக வேலை செய்தது அந்த மடிக்கணினி ஒன்றுதான்.

மறு திங்கள் அக்காவை விசாரித்தார்கள். அனுமதி இல்லாமல் தரவைப் பொதுவில் காட்டியது, தனிநபர் விவரம் வெளியிட்டது என்று இரண்டு குற்றச்சாட்டு. கோப்பில் பெயரே கிடையாது, அவரே எழுந்து கேட்டார், நான் தலையைத்தான் ஆட்டினேன் என்றார் அக்கா. தலையாட்டியதும் வெளியிடுதல்தான் என்று குழுவில் இருந்த ஒருவர் விளக்கினார். எனக்கு அன்றுதான் வாய் திறந்தது. இரண்டாவது கையெழுத்து என்னுடையது, நான் நிரலைப் படிக்காமலே போட்டேன், தண்டிப்பதென்றால் என்னையும் பாங்கையும் தண்டியுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பாங்குக்கு அதுவும் வரவில்லை. நான் நிரந்தர ஊழியன்; அவரும்தான். டிசம்பரில் அக்காவின் ஒப்பந்தம் மட்டும் புதுப்பிக்கப்படவில்லை.

கடைசி நாளன்று பன்றிக்கறி சூப்புச் சோற்றுக் கடைக்குக் கூட்டிப்போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தே போயிருந்தேன்.

"அன்னிக்குப் பத்து மணிக்கே தெரியும் தம்பி, ரெண்டாவது கையெழுத்து யாரோடதுன்னு," என்றார், முள்ளங்கிக் கிம்ச்சியை என் பக்கம் தள்ளியபடி. "கோப்பத் திறக்கிறதுக்கு முன்னாடி கையெழுத்தத்தான் பாத்தேன். அந்த நிரலப் படிக்கிறது அஞ்சு நிமிஷ வேல. நீங்க அஞ்சு நிமிஷம் பாத்திருந்தா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன்."

அவர் கோபத்தைக் கொட்டியிருந்தால் நான் கொஞ்சம் லேசாகி வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் சோற்றைச் சூப்பில் கரைத்துச் சாப்பிட்டார்.

பேருந்து நிற்கவில்லை. வருஷா வருஷம் வருகிறது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. கிரைண்டிங் பட்டறையில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். பொங்சூவும் மற்றவர்களும் சங்க அலுவலகத்தில் காது கேளாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தொடங்கினார்கள். அக்காவுக்கு ஊரிலேயே ஒரு காது மருத்துவரிடம் வேலை கிடைத்தது. ஆளைப் பரிசோதனை அறைக்குள் அனுப்பி, வெளியே இருந்து எண்ணை எழுதுகிற அதே வேலை. அங்கே அவரைப் பரிசோதகர் என்று அழைக்கிறார்கள்.

திருத்தப் பதிப்பு மார்ச்சில் வந்தது. எண்களெல்லாம் சரி. முதல் பெயர் பாங். நன்றியுரையில் டைரக்டர், நகராட்சி, அச்சகம் வரை இருந்தார்கள். தோ மல்சூன் இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு: முந்தைய பதிப்பில் சில மதிப்புகள் விடுபட்டிருந்தன.

ஒரு பிரதியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் பெயர் இருக்கிறதா என்று அவர் தேடவில்லை. அந்த அடிக்குறிப்பை இரண்டு தடவை படித்தார்.

"சில மதிப்புகளாம். முன்னூத்து எண்பத்தெட்டு ஆளுங்க, சில மதிப்புகளாம். விடுபட்டிருந்தனவாம். தானா எறங்கி நடந்து போச்சா? விட்டது யாரு?"

நிலையத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். முதல் இரண்டுக்கும் நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. மூன்றாவதற்குப் பிறகு இணையத்தில் உள்ள பதிப்பில் மட்டும் 'சில மதிப்புகள்' என்பது '388 தொழிலாளர்கள்' ஆனது. அச்சிட்ட பிரதிகளை மாற்ற வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் நகர நூலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று கேட்டதற்கு அக்கா என் எண்ணைக் கொடுத்திருந்தார். போனேன். நூலகர் மேசையில் எங்கள் அறிக்கையின் இரண்டு பிரதிகள் திறந்து கிடந்தன. இரண்டிலும் மூன்றாம் பக்க அடிக்குறிப்பின் மேல் '388 தொழிலாளர்கள்' என்று அச்செடுத்த வெள்ளைத் துண்டுத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. அக்கா மிக நேராக ஒட்டியிருந்தார்.

"நூலகப் புத்தகத்தைச் சேதப்படுத்துறது குற்றம். இவங்ககிட்டச் சொல்லுங்க சார்," என்றார் நூலகர்.

"சேதமாத்தான் வந்துச்சு. நான் சரி பண்ணேன்," என்றார் அக்கா. "அபராதம் போடுங்க, கட்டுறேன். ஆனா பிரிக்கக் கூடாது."

நூலகர் அந்தத் துண்டுத்தாளைக் குனிந்து படித்தார். அவருடைய அப்பாவும் பட்டறையில் இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. அபராதச் சீட்டை எடுத்தார், திரும்ப உள்ளே வைத்தார். இரண்டு பிரதிகளையும் மூடி, அலமாரிக்குப் போகிற தள்ளுவண்டியில் போட்டார்.